படகு நாளில் தண்ணீர் குடிக்காதவர்

போத்தல் மூடியைத் திருகிக் கழற்றி, அந்த மூடிக்குள் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, அதில் சுட்டுவிரலை நனைத்து உதட்டில் தடவிக்கொள்கிறார் கேதீஸ்வரி. மூடியில் மிஞ்சியதைக் கடலில் கவிழ்த்துவிட்டுப் போத்தலைத் திரும்பவும் இறுக்கி மூடிக் கைப்பைக்குள் வைக்கிறார். குறிகாட்டுவானில் இருந்து புறப்பட்ட படகு நெடுந்தீவுக்கு அரைவாசித் தூரம் வந்துவிட்டது. தென்மேற்கில் இருந்து வீசும் சோளகக் காற்றில் கடல் எழும்பி எழும்பி விழுகிறது. என்னுடைய போத்தலை நான் கரையிலேயே காலிசெய்துவிட்டேன். தொண்டை காய்ந்து கிடந்ததை அவர் எப்படிக் கண்டாரோ தெரியாது.

“இந்தாரும் தம்பி, குடியும்.”

“உங்களுக்கு?”

“நான் போட் நாளிலை குடிக்கிறேல்லை.”

ஏதோ விரதம் என்று நினைத்துக்கொண்டு மடமடவென்று குடித்தேன். குடித்து முடித்த மரியாதைக்கு, எந்தச் சாமிக்கு என்று கேட்டுவைத்தேன். பக்கத்தில் இருந்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

“சாமிக்கில்லை, கக்கூசுக்கு,” என்றார் கேதீஸ்வரி.

பிறகு அவரே விளக்கினார். படகில் கழிப்பறை இல்லை. தீவின் இறங்குதுறையில் ஒன்று உண்டு. அதில் தண்ணீர் வராது, கதவுக்குக் கொண்டி இல்லை. கடல் குழம்பிப் படகு சுணங்கினால் எத்தனை மணி நேரமும் அங்கே காத்திருக்க நேரும். ஆகையால் யாழ்ப்பாணப் பட்டினம் போகிற நாளில் தீவுப் பெண்கள் விடியற்காலை முதல் வீடு திரும்பும்வரை தண்ணீரைத் தொடுவதில்லை. “ஆம்பிளையளுக்குக் கடற்கரை முழுக்க இருக்கு. நாங்கள் எங்கை போறது?” என்று கேட்டார். எத்தனையோ தடவை அந்தத் துறையில் இறங்கி ஏறியவன் நான். அப்படி ஒரு கேள்வி இருப்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

கேதீஸ்வரிக்கு ஐம்பது தாண்டிவிட்டது. நெடுந்தீவில் பிறந்து நெடுந்தீவிலேயே வாழ்க்கைப்பட்டவர். ஆள் குள்ளம், குரல் பெரிது. தொழில் சமையல். தீவைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் முதல்நாளே தொலைபேசியில் சொல்லிவைத்தால், மத்தியானத்துக்குச் சோறும் நண்டுக்கறியும் முருங்கையிலை வறையும் ஆயத்தமாக இருக்கும். பரிமாறிவிட்டு வாசலில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். கொழும்பில் இருந்து வந்த ஒருவர் கண்ணில் நீர் வழிய உறைப்பைப் பற்றி முறையிட்டபோது, “தயிர் இருக்கு. கறியிலை கை வைக்க ஏலாது,” என்று சொல்லிவிட்டாராம். கணவர் கூட்டுறவுக் கடையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். மனைவி சங்க வேலையாகப் போகும் நாட்களில் நண்டு உடைப்பது அவர்தான். உறைப்பைக் கொஞ்சம் குறைத்தும் போடுவார் என்று ஊரில் ஒரு கதை உண்டு.

மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் தலைவி பதவி கேதீஸ்வரியிடம் வந்து பல வருடம் ஆகிறது. ஒவ்வொரு பொதுக்கூட்டத்திலும் “இந்த முறை வேறை ஆரும் எடுங்கோ,” என்பார். ஒருவரும் எடுக்கமாட்டார்கள். எடுத்துவிட்டால் அவர் என்ன செய்வார் என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

அவரோடு தீவைச் சுற்றினால் வெளிநாடு போய்வந்த மாதிரி இருக்கும். “உந்த பஸ் தரிப்பிடம் கனடா. அங்காலை தெரியிற லைற் சுவிஸ். வாசிகசாலைக் கதிரையள் நோர்வே. ஒண்டுக்குக் கால் முறிஞ்சு போச்சு, எழுதிப் போட்டிருக்கிறம்.” வெளிநாட்டில் இருக்கும் ஊரார் காசில் எது கட்டினாலும் அதில் தந்தவர் பெயரைச் சொல்ல ஒரு கல் இருக்கவேண்டும் என்பது எங்கள் தீவுகளின் எழுதாச் சட்டம். இன்னாரின் ஞாபகார்த்தமாக இன்னார் உபயம். கூரை போய்ச் சுவர் விழுந்த பிறகும் அந்தக் கல் மட்டும் நிமிர்ந்து நிற்கிற இடங்கள் இருக்கின்றன. கேதீஸ்வரிக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. தந்தவன் பெயரைச் சொல்லாமல் வாங்கித் தின்னலாமா என்பது அவர் கட்சி.

அன்றைக்குப் படகின் இயந்திரப் பக்கத்தில் முகம் வெளுத்து, கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு பெண்ணும் இருந்தாள். பெயர் நிலாந்தினி. வவுனியாப் பிள்ளை. விலங்கியல் படித்துவிட்டுக் கொழும்பில் உள்ள ஒரு நிதியத்தில் திட்ட அலுவலராக இருக்கிறாள். அவளுக்கும் கேதீஸ்வரிக்கும் நடுவில் நடந்துகொண்டிருந்த விவகாரத்தைப் பார்த்து எழுதத்தான் நான் படகேறியிருந்தேன்.

அந்த நிதியத்துக்கு ஒரு வினோதமான விதி. ஊருக்கு ஒரு வசதி, அந்த மண்ணில் வாழும் விலங்குக்கோ பறவைக்கோ ஒரு உதவி, இரண்டையும் சேர்த்துக் கேட்டால்தான் மானியம். விலங்குக்கான வேலை முதலில் நடக்கவேண்டும். விலங்கு அதைப் பயன்படுத்துவதை நேரில் கண்ட பிறகே ஊருக்கான பணம் வரும். செலவில் ஒரு பங்கை ஊரும் போடவேண்டும்.

ஊருக்கு என்ன வேண்டும் என்பதில் கேதீஸ்வரிக்கு ஒரு கணமும் யோசனை இருக்கவில்லை. இறங்குதுறையில் பெண்களுக்கு ஒரு தங்கு மண்டபம், அதில் தண்ணீர் வருகிற, உள்ளே கொண்டி போடுகிற கழிப்பறைகள். விலங்கு என்ன என்பதும் கேட்கத் தேவையில்லாதது. நெடுந்தீவின் மேற்கே மரமில்லாத வெட்டையில் கூட்டம் கூட்டமாக அலைகிற கட்டைக் குதிரைகள். ஆடி ஆவணியில் குளங்குட்டை எல்லாம் வற்றிவிட, தண்ணீர் தேடியே செத்து விழுகிற சீவன்கள். சூரிய ஒளியில் ஓடுகிற ஒரு பம்பும் ஒரு குழாயும் நீளமான ஒரு தொட்டியும் கிடைத்தால் அவை பிழைத்துக்கொள்ளும்.

ஊர்க்கூட்டத்தில் ஒருவர் எழும்பி, “மனிசருக்கே நல்ல தண்ணி காணாது, குதிரைக்குத் தொட்டியோ?” என்று கேட்டாராம்.

“அண்ணை, உங்களுக்குத் தண்ணி இல்லாட்டி அரசாங்கக் கந்தோருக்குப் போய்க் கத்துவியள். அதுகள் எங்கை போய்க் கத்துறது?” என்றாராம் கேதீஸ்வரி. அதோடு தீர்மானம் நிறைவேறியது.

ஊரின் பங்கைத் தந்தவர் கனடாவில் இருக்கும் அவருடைய தம்பி தயாபரன். தம்பிக்கு ஒரே ஒரு ஆசை. காலஞ்சென்ற தாயார் நாகமுத்துவின் பெயர் அங்கே இருக்கவேண்டும். அக்காவுக்கும் அதே ஆசைதான். மேசன் யாகப்பு தொட்டிக்குப் பின்னால் ஆளுயரத்துக்கு ஒரு மதில் எழுப்பினார். நடுவில் முகம் பார்க்கலாம் போன்ற பளபளப்பில் ஒரு கறுப்புக் கல். அதில் தங்க நிறத்தில் தாயாரின் பெயர். திறப்புவிழாவுக்கு வாழை கட்டி, நிறைகுடம் வைத்து, ஒலிபெருக்கி பூட்டி, சீனவெடியும் கொளுத்தினார்கள். தயாபரன் கனடாவில் இருந்தபடி அதைக் கைத்தொலைபேசியில் பார்த்து அழுதார். கட்டிய வாழைகளை அன்று பின்னேரமே ஆடுகள் தின்றுவிட்டன. குதிரைகள் மட்டும் வரவில்லை.

வெடிச்சத்தத்தில் மிரண்டிருக்கும், நாலு நாளில் வரும் என்றார்கள். பிறகு சீமெந்து மணம் போகட்டும் என்றார்கள். வாரங்கள் போயின. ஆடி பிறந்தது. தொட்டி விளிம்புவரை நிறைந்து கிடந்தது, காகங்கள் குளித்தன, குதிரைகள் வரவேயில்லை. நிலாந்தினி போன தடவை வந்தபோது, ஆள் இல்லாத நேரத்திலும் தானாகவே படம் பிடிக்கிற ஒரு கமராவைத் தொட்டியடியில் கட்டிவைத்துவிட்டுப் போயிருந்தாள். அதில் என்ன விழுந்திருக்கிறது என்று பார்க்கத்தான் இந்தப் பயணம்.

இறங்குதுறையில் இருந்து ஓட்டோவில் வெட்டைக்குப் போனோம். கடலில் விளையும் முருகைக்கல் அடுக்கிய வேலிகள் முடிந்ததும் பனைகளும் முடிந்துவிட்டன. அதற்கப்பால் நிலமும் வானமும்தான். புல் கருகிக் கிடந்தது, காற்றில் உப்புச் சுவைத்தது. தூரத்தில் குதிரைகளைக் கண்டேன். எத்தனையோ தடவை தீவுக்கு வந்தும் வெட்டைப் பக்கம் போகாத நான் படங்களில்தான் அவற்றைப் பார்த்திருக்கிறேன். அரசாண்ட யாரோ கொண்டுவந்து விட்டு, ஆட்சியும் போய், கவனிப்பாரும் இல்லாமல் நூற்றாண்டுக் கணக்கில் தாமாகவே பிறந்து தாமாகவே செத்துக்கொண்டு வந்திருக்கிற கூட்டம். அந்த வெயிலில், ஒரு செடியின் நிழல்கூட இல்லாத நிலத்தில், அவை ஒன்றின் நிழலில் ஒன்று தலையை வைத்துக்கொண்டு அசையாமல் நின்றன. இவ்வளவு பொறுமையை நான் எங்கும் கண்டதில்லை.

“முந்தநாள் ஒரு குட்டி போயிட்டுது,” என்றார் ஓட்டோக்காரர். செத்துவிட்டது என்று அர்த்தம்.

நிலாந்தினி கமராவைக் கழற்றி, நிலத்தில் குந்தியிருந்து படங்களை ஒவ்வொன்றாக ஓட்டினாள். காகம், ஆடு, மறுபடி காகம். பிறகு ஒரு விடியற்காலைப் படத்தில் நிறுத்திக் கேதீஸ்வரியிடம் காட்டினாள். ஒரு ஆண்குதிரை தொட்டிக்கு மிகக் கிட்டவே வந்திருக்கிறது. தண்ணீரைப் பார்க்கவில்லை. கழுத்தை நிமிர்த்தி, காதைப் பின்னால் மடித்து, கறுப்புக் கல்லைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. கல்லுக்குள் இருந்து இன்னொரு குதிரை அதையே பார்க்கிறது. அடுத்த படத்தில் வெறும் புழுதி.

“அக்கா, பிழை தொட்டியிலை இல்லை, மதிலிலை. பின்னாலை என்ன நிக்குது எண்டு தெரியாத இடத்துக்கு அதுகள் வராது. அந்தக் கல்லு வேறை கண்ணாடி மாதிரி. அது தன்ரை முகத்தைப் பார்த்துத்தான் பயப்பிடுது.”

“தண்ணியிலையும்தானே முகம் தெரியும்?”

“தண்ணியிலை தெரியிறது அதுகளுக்குப் பிறந்ததிலை இருந்து பழக்கம்.”

கேதீஸ்வரியின் முகம் கறுத்தது. “அப்ப, என்ன செய்யச் சொல்லுறீர்?”

“மதிலை எடுக்கவேணும். ஆவணி முடியுறதுக்குள்ளை நான் ரிப்போட் குடுக்கவேணும். குதிரை குடிக்கேல்லை எண்டு எழுதினால் ரெண்டாம் பகுதிக் காசு வராது அக்கா.”

“அது எங்கடை அம்மாவின்ரை பேர், பிள்ளை. குதிரைக்குப் பிடிக்கேல்லை எண்டு இடிக்கிறதுக்கு அது வெறும் வேலி இல்லை.” பெரிய குரல்காரி இதை மெதுவாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு ஓட்டோவில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

பின்னேரப் படகுக்கு எங்களை வழியனுப்ப இறங்குதுறைக்கு வந்தார். படகு சுணங்கிவிட்டது. கொட்டில் நிழலில் பெண்கள் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி, தனுசியா என்ற இளம்பெண், நிறைமாதம். மறுநாள் யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் காட்டவேண்டும் என்பதால் இரவு உறவினர் வீட்டில் தங்கப் போகிறாள். உதடு வெடித்து வெள்ளையாக இருந்தது. கேதீஸ்வரி கைப்பையில் இருந்து போத்தலை எடுத்து நீட்டினார்.

“வேண்டாம் அக்கா. அங்காலை போய்க் குடிக்கிறன்.”

“ஒரு முடறு குடி பிள்ளை. வயித்துப்பிள்ளைக்காரி.”

தனுசியா போத்தலைப் பார்த்தாள். கொட்டிலின் அந்தக் கோடியில் கொண்டியில்லாமல் காற்றில் அடித்துக்கொண்டிருந்த கதவைப் பார்த்தாள். பிறகு தலையை மற்றப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அந்தத் திருப்பலைக் கண்டதும் கேதீஸ்வரியின் கை நீட்டியபடியே நின்றுவிட்டது. நான் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பார்வை தனுசியாவைத் தாண்டி எங்கோ மேற்கே போய்விட்டது. போத்தலைப் பைக்குள் வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“அம்மா நெய் கொண்டுபோய் விக்கிறவ,” என்று தொடங்கினார். “வருசக்கணக்கா இந்த போட்டிலை போய் வந்தவ. மூடியிலை ஊத்தி உதட்டை நனைக்கிறது அவ பழக்கிவிட்டது. கடைசியிலை சலக்கடுப்பு வந்து, ரெண்டு கிட்னியும் போச்சு. ‘இவ்வளவு காலமும் தண்ணி குடிக்கிறேல்லையோ அம்மா?’ எண்டு டொக்ரர் கேட்டார். அவ சிரிச்சவ.”

கேதீஸ்வரி மறுபடி மேற்கே பார்த்தார்.

“குடிக்கப் பயந்து நிக்கிற சீவன் எப்பிடி முகத்தைத் திருப்பும் எண்டு எனக்கு நல்லாத் தெரியும் தம்பி. தெரிஞ்சுகொண்டுதான் அம்மாவின்ரை பேராலை மதிலைக் கட்டி, அதுகளைப் பயப்பிடுத்திப்போட்டு நிக்கிறன்.”

அந்த இடத்திலேயே தொலைபேசியை எடுத்தார். முதலில் மேசன் யாகப்புவுக்கு. அடுத்த நாள் காலமை சுத்தியலோடு வரச் சொன்னார். பிறகு கனடாவுக்கு. அங்கே விடியவே இல்லை. தம்பியை நித்திரையால் எழுப்பி, முன்னுரை ஒன்றும் இல்லாமல் விஷயத்தைச் சொன்னார். மறுமுனையில் பேசியது எனக்கு விளங்கவில்லை. இவர் பேசியது மட்டும் கேட்டது.

“இல்லை, பேரை இடிக்கேல்லை. மதிலைத்தான்... ஓம், நீ குடுத்த காசுதான். ஆர் இல்லையெண்டது?... ஓம், எனக்கும்தான் அம்மா... தம்பி, நான் உன்னட்டைக் கேக்க எடுக்கேல்லை. சொல்ல எடுத்தனான்.”

மறுமுனை துண்டித்தது. தொலைபேசியை முந்தானையில் துடைத்துப் பைக்குள் வைத்தார். படகு வந்தது. நிலாந்தினி ஏறிக்கொண்டாள், நான் ஏறவில்லை. நாளைக்கு நடக்கப்போவதைப் பார்க்காமல் போனால் நான் எழுதுகிறவன் என்று சொல்லிக்கொள்வதில் அர்த்தம் இல்லை என்று தோன்றியது. நண்டுக்கறி ஆசையும் கொஞ்சம் இருந்தது.

காலையில் யாகப்பு வந்தார். வெற்றிலை மென்றபடி மதிலைச் சுற்றிச் சுற்றி வந்தாரே தவிர சுத்தியலைத் தூக்கவில்லை.

“தங்கச்சி, இது நான் நூல் பிடிச்சுக் கட்டின மதில். நானே உடைக்கிறதோ?”

“கல்லை முழுசாக் கழட்டித் தாங்கோ அண்ணை. கீறல் விழப்படாது. மற்றதை நான் பார்க்கிறன்.”

கல்லை இருவர் பிடித்து இறக்கி மணலில் சாய்த்தார்கள். கேதீஸ்வரி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சுத்தியலைத் தூக்கினார். முதல் அடி வழுகிப்போய் அவரையே சுழற்றியது. இரண்டாவது அடியில் மேல்வரிசை விழுந்தது. நாலைந்து அடிக்குப் பிறகு யாகப்பு பொறுக்கமுடியாமல், “தள்ளும் தங்கச்சி, நீர் செய்யிற வேலையைப் பார்க்க எனக்குப் பத்திக்கொண்டு வருகுது,” என்று சுத்தியலைப் பிடுங்கிக்கொண்டார். மத்தியானத்துக்குள் மதில் இருந்த இடத்தில் ஒரு குவியல்தான் மிச்சம். குவியலுக்கு மேலால் கடல் தெரிந்தது.

கல்லை என்ன செய்வது என்று யாகப்பு கேட்டார். வீட்டுக்குக் கொண்டுபோகலாம், கோயிலடியில் வைக்கலாம் என்று யோசனை சொன்னார். கேதீஸ்வரி தொட்டித் தண்ணீரைத் திறந்துவிடச் சொன்னார். வெறுமையான தொட்டியின் அடியில் சாந்து போட்டு அந்தக் கல்லைப் பதிக்கச் சொன்னார்.

“எழுத்தைக் கீழை போடவோ?”

“மேலை போடுங்கோ. வாற ஆக்களை அம்மா பார்க்கவேணும்.”

சாந்து இறுகிய பிறகு குழாயைத் திறந்தார்கள். தண்ணீர் மெல்ல ஏறி நாகமுத்துவின் பெயரை மூடியது. மூடிய பிறகும் எழுத்துக்கள் தெரிந்தன. எங்கள் தீவுகளில் எத்தனையோ உபயக் கற்களைப் பார்த்திருக்கிறேன். குனிந்தால் மட்டுமே வாசிக்க முடிகிற ஒன்றை அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்தக் குள்ளமான பெண்ணுக்கு முன்னால் நான் இன்னும் குள்ளமாகிப்போனேன் என்பதை மறைக்க ஒன்றும் இல்லை.

மதில் போன அடுத்த நாளே குதிரைகள் ஓடிவந்து குடித்தன என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். அவை வரவில்லை. தூரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போயின. கேதீஸ்வரி தினமும் அடுப்பை மூட்டுவதற்கு முன் வெட்டைக்குப் போய்வந்தார். நான் யாழ்ப்பாணத்தில் இருந்து தொலைபேசியில் கேட்கும்போதெல்லாம், “இண்டைக்குக் கொஞ்சம் கிட்ட நிண்டவை,” என்று ஆட்களைச் சொல்லுகிற மாதிரியே சொன்னார். தம்பி தொலைபேசி எடுத்தாரா என்று கேட்டால், “அவன் எடுப்பான். அவனுக்கும் பசிக்கும்தானே என்ரை கறிக்கு,” என்று கதையை மாற்றிவிடுவார். தயாபரன் எடுக்கவில்லை.

ஆவணி முடிகிற வாரம் நிலாந்தினியோடு நானும் போனேன். அது அறிக்கைக்கு முந்திய கடைசிப் பார்வை. முதல்நாள் பின்னேரம் முழுக்கக் காத்திருந்தும் ஒரு குதிரைகூடத் தொட்டிப் பக்கம் வரவில்லை. அடுத்த நாள் காலைப் படகில் நிலாந்தினி திரும்பவேண்டும், கேதீஸ்வரியும் எங்களோடு பட்டினம் வருவதாக இருந்தார். அங்கே நிதியத்தின் பெரியவர்கள் கூடுகிறார்கள். அறிக்கை பாதகமாக இருந்தால் தான் நேரில் பேசிப் பார்ப்பதாகச் சொன்னார். என்ன பேசுவார் என்று அவருக்கே தெரியவில்லை. இரவு சமைத்ததை ஒருவரும் சரியாகச் சாப்பிடவில்லை. கறியில் உறைப்பே இல்லை என்பதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

விடியும்போது வெட்டையில் இருந்தோம். தொட்டியில் இருந்து எட்டத்தில், ஒரு முருகைக்கல் வேலிக்குப் பின்னால், மூவரும் குந்தியிருந்தோம். கேதீஸ்வரி பட்டினம் போகும் சேலையில் இருந்தார். கைப்பை மடியில் இருந்தது. எழும்பியதில் இருந்து ஒரு சொட்டுத் தண்ணீரும் குடித்திருக்கமாட்டார், படகு நாள் அல்லவா. அவர் உதடும் காய்ந்துதான் இருந்தது. நிலாந்தினி மணிக்கூட்டைப் பார்ப்பதும் கமராவைப் பார்ப்பதுமாக இருந்தாள். பேசினால் அழுதுவிடுவாள் போல இருந்தது. இரண்டு மாதத்தில் அவளுக்கும் இது வெறும் உத்தியோகமாக இல்லாமல் போய்விட்டது.

முதலில் சத்தம்தான் வந்தது. காய்ந்த நிலத்தில் குளம்புகள் அவசரமில்லாமல் படுகிற சத்தம். பிறகு, கடலுக்கும் எங்களுக்கும் நடுவில், வெளுத்துக்கொண்டிருந்த வானத்துக்குக் கீழே அவை வந்தன. முன்னால் காது கிழிந்த ஒரு கிழட்டுப் பெட்டைக் குதிரை. அதற்குப் பின்னால் ஒரு வரிசை. குட்டிகள் தாய்களின் விலாவோடு ஒட்டிக்கொண்டு வந்தன. கடைசியில் அந்த ஆண்குதிரை. மதில் இருந்த இடத்துக்குக் கிட்ட வந்ததும் எல்லாம் நின்றன.

கிழட்டுக் குதிரை தனியாக முன்னால் வந்தது. தொட்டிக்கு மேலால் அந்தப் பக்கம் பார்த்தது. மறைப்பு இல்லை. கடல்வரைக்கும் வெட்டை திறந்து கிடந்தது. கழுத்தைத் தாழ்த்தித் தண்ணீரை முகர்ந்தது. தலையை உதறிப் பின்வாங்கியது. நிலாந்தினி என் கையைப் பிடித்தாள், நகம் பதிந்தது. குதிரை மறுபடியும் வந்து, முன்னங்கால்களை அகட்டி வைத்து, மூக்கை நாகமுத்துவின் பெயருக்கு மேலே தாழ்த்திக் குடிக்கத் தொடங்கியது.

அதற்குப் பிறகு ஒன்றும் காத்திருக்கவில்லை. தொட்டியின் இரண்டு பக்கமும் தலைகள். தொண்டைகள் ஏறி இறங்குவது எங்களுக்குத் தெரிந்தது. இவ்வளவு பேர் ஒரே நேரத்தில் தண்ணீர் விழுங்குகிற சத்தத்தை நான் அதுவரை கேட்டதில்லை. மழை மண்ணில் இறங்குகிற மாதிரி ஒரு சத்தம். குட்டிகளுக்கு எட்டவில்லை. தாய்களின் வாயில் இருந்து வழிந்ததை நக்கின. கடைசியாக ஆண்குதிரை வந்து, தண்ணீரில் தெரிந்த தன் முகத்தை உடைத்துக்கொண்டு குடித்தது. கிழக்கே சூரியன் எழுந்து அவற்றின் முதுகு எல்லாம் ஈரச் சிவப்பாக மாறியபோது, நான் கும்பிடவேண்டும் போல இருந்தது என்று சொல்ல வெட்கப்படவில்லை.

நிலாந்தினி படம் எடுத்துக்கொண்டே இருந்தாள். கன்னத்தில் வழிந்ததைத் தோளில் துடைத்துக்கொண்டு, “காணும் அக்கா,” என்று கிசுகிசுத்தாள். “இது காணும். ரெண்டாம் பகுதி வரும். நான் எழுதுறன்.”

“அந்தப் பேரும் மூக்கும் தெரியிற படத்தைத் தயாபரனுக்கு அனுப்பிவிடும்,” என்றார் கேதீஸ்வரி. அவர் குதிரைகளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“அனுப்புறன் அக்கா. நேரமாகுது, போட்டுக்கு வெளிக்கிடுவம்.”

கேதீஸ்வரி எழும்பவில்லை. மடியில் இருந்த கைப்பையைத் திறந்து போத்தலை எடுத்தார். மூடியைக் கழற்றினார். வழக்கம்போல மூடிக்குள் ஊற்றப் போகிறார் என்று நினைத்தேன். மூடியை மணலில் வைத்துவிட்டு, போத்தலை இரண்டு கையாலும் பிடித்து, தலையை அண்ணாந்து, அவை குடித்துக்கொண்டிருக்கும்போதே, தானும் குடித்தார். நடுவில் நிறுத்தவில்லை. அடியில் இருந்த கடைசித் துளிவரை குடித்தார்.